உப்பளத்துக்குப் போன கஷாயம்

எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில், உப்பளங்கள் சூழ்ந்த ஒரு நாட்டில் அகோரநாதர் என்ற அரண்மனை வைத்தியர் இருந்தார். விகடகவி செண்டலங்காரன் வாய் திறந்தாலே மன்னர் சிரிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அகோரநாதருக்கு வயிறு எரியும். முப்பது வருஷம் மன்னரின் நாடி பிடித்தவருக்கு ஒரு புன்னகைகூடக் கிடைத்ததில்லை.

அந்த வருஷம் குளிர்காய்ச்சல் பரவியது. அகோரநாதர் காய்ச்சிய கஷாயத்தைக் குடித்து அரண்மனைக் காவலர் பன்னிரண்டு பேர் எழுந்து நடந்தார்கள்.

"நாளையே நாடு முழுக்கக் கொடுத்துவிடலாமா?" என்றார் மன்னர்.

அகோரநாதர் சமயம் பார்த்துக் காத்திருந்தவர். "மருந்து ஊருக்குத் தயாரா என்பதைச் செண்டலங்காரனே சொல்லட்டும், மன்னா. தவறாகச் சொன்னால் தலை போகட்டும்" என்றார்.

ஆகாது என்று அவன் சொன்னால் பொறாமை என்பார்கள். ஆகும் என்று சொல்லி ஒருவர் செத்தாலும் தலை உருளும். எப்படியும் தொலைந்தான் என்று அகோரநாதர் மனம் குளிர்ந்தது.

"கஷாயத்தை உப்பளத்துக்குக் கொண்டு போ. வைத்தியர் ஓலையில் எழுதியபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் கொடு" என்று மன்னர் செண்டலங்காரனுக்கு ஆணையிட்டார்.

மூன்றாம் நாள் செண்டலங்காரன் திரும்பினான். குடம் நிறைந்தபடியே இருந்தது.

"ஒருவருக்குமா கொடுக்கவில்லை?" மன்னர் முகம் சிவந்தது.

"ஓர் எழுத்தும் மாறக் கூடாதே, மன்னா. ஓலையில் பசும்பாலில் கலக்கச் சொல்லியிருக்கிறது. அங்கே பசுவே இல்லை. ஏழு நாள் நிழலில் படுக்கச் சொல்லியிருக்கிறது. அங்கே ஒரு மரம் கிடையாது. காய்ச்சலோடு உப்புப் பாத்தியில் நின்ற ஒருத்தி, 'ஏழு நாள் படுத்துக்கிட்டா எம்புள்ளைக்கு யாருய்யா கஞ்சி ஊத்துவா?' என்றாள். அதற்கு ஓலையில் பதில் இல்லை. காவலரைக் குணமாக்கியது கஷாயமா, பாலா, படுக்கையா? வைத்தியருக்குத் தெரிந்திருக்கும்."

அகோரநாதர் ஓலையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். தெரியாது என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"ஆக, மருந்து தயாரா இல்லையா?"

"கஷாயம் தயாராக இருக்கலாம், மன்னா. ஓலை இன்னும் ஆகவில்லை."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் செண்டலங்காரன் கழுத்தில் போட்டு, "வேறென்ன வேண்டும்?" என்றார்.

"வைத்தியரை ஒரு மாதம் உப்பளத்துக்கு அனுப்புங்கள். முதலில் இருபது பேர் போதும். எல்லோருக்கும் கஞ்சியும் பந்தல் நிழலும். பாதிப் பேருக்கு மட்டும் கஷாயம். எது குணமாக்குகிறது என்று தெரிந்துவிடும். அவரைத் தவிர இந்த நாட்டில் யாராலும் இதைச் செய்ய முடியாது."

சபை ஆமோதித்தது. மறுநாள் வண்டியில் ஏறிய அகோரநாதருக்கு வழியெல்லாம் மனம் ஆறவில்லை. அந்தச் சபையில் தன்னை முதன்முதலாகப் புகழ்ந்தவன் அவனாகவா இருக்க வேண்டும்?