தும்பைக்கு ஒரு முந்தின நாள்

குழந்தைகளே, முதலில் ஒரு விடுகதை.

ஆலமரத்துக்கு ஒரு முந்தின நாள் உண்டு; அன்று அது விதை. ஆற்றுக்கு ஒரு முந்தின நாள் உண்டு; அன்று அது மேகம். மலைக்குக்கூட ஒரு முந்தின நாள் உண்டு. அன்று அங்கே ஒன்றுமே இல்லை. உங்களுக்கும் எனக்கும் உண்டு. அப்படி ஒரு முந்தின நாளே இல்லாதவர் யார்?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் ஒரு மான்குட்டி அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு காட்டில், புல்லெல்லாம் கருகிக் கிடந்த ஒரு கோடையில், எதிர்பாராமல் மழை கொட்டியது. மரப்பொந்திலும் புதரிலும் ஒதுங்கிக் கிடந்த விலங்குகள் விடிந்ததும் வெளியே வந்து மழையில் குதித்தன. குதித்துக்கொண்டே புல்வெளியின் ஓரத்துக்கு வந்தபோது ஒரு புள்ளிமானைக் கண்டன. அதன் காலடியில், அப்போதுதான் பிறந்த ஒரு குட்டி. குட்டியின் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. தும்பைப் பூவைப்போல முழுக்க முழுக்க வெள்ளை.

தாய்மான் அதற்குத் தும்பை என்றே பெயர் வைத்தது.

"குட்டி வந்தது, மழையும் வந்தது," என்றது மந்தி. யோசிப்பதற்கு முன்பே பேசிவிடுவது அதன் குணம். "இது மானே இல்லை. தெய்வம்."

நரிக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. "மந்தி சரியாகத்தான் சொல்கிறது," என்றது. "தெய்வத்தைப் புல்லில் கிடத்தலாமா? கரடி அண்ணே, தூக்கிப் பாறைமேல் வையுங்கள்."

சொன்னதைச் செய்வது கரடியின் குணம். தூக்கி வைத்தது.

"தாய்மான் இனிப் பாறைப் பக்கம் வரக்கூடாது," என்றது நரி. "நாக்கால் நக்கி நக்கி வெள்ளையை எடுத்துவிடும். மற்றவர்கள் பழமும் தேனும் கொண்டுவந்து படைக்க வேண்டும்."

"பிறந்த குட்டி பழம் தின்னுமா?" என்று கேட்டது முள்ளம்பன்றி. அது எதையும் லேசில் நம்பாது.

"தெய்வம் எதையும் தின்னாது."

"பிறகு யார் தின்பது?"

"தெய்வத்தின் சார்பில் நான்," என்றது நரி, மிகுந்த அடக்கத்தோடு.

அன்றுமுதல் தும்பை பாறைமேல் இருந்தது. கரடி தேனடை கொண்டுவந்தது. மந்தி பாலைப் பழம் கொண்டுவந்தது. சிறுத்தைகூட அந்தப் பாறையைக் கண்டால் தலையைத் தாழ்த்திக்கொண்டு சுற்றுவழியாகப் போனது. "பசித்தால் மானைத் தின்பேன். தெய்வத்தைத் தொடமாட்டேன். எனக்கும் பயம் இருக்கிறது," என்று அது மந்தியிடம் சொல்லியிருந்தது.

சாயங்காலம் நரி பழங்களை அள்ளிக்கொண்டு புதருக்குப் பின்னால் போகும். அப்போது தாய்மான் ஓசையில்லாமல் வரும். தும்பைக்குப் பால் கொடுக்கும். காதை நக்கிவிடும். வெள்ளை ஒன்றும் போய்விடவில்லை.

ஆனால் அந்த மழைக்குப் பிறகு மழையே பெய்யவில்லை. மடுவில் தண்ணீர் வற்றிச் சேறாயிற்று. சேறு காய்ந்து வெடித்தது. யானைக் கூட்டம் புறப்பட்டது.

"மலைக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுகிறது," என்றது யானைகளுக்கெல்லாம் பெரியம்மா. "உங்கள் பிள்ளைகளுக்கு நடக்கத் தெம்பு இருக்கும்போதே கிளம்புங்கள்."

"தெய்வத்தை இங்கே விட்டுவிட்டா?" என்றது மந்தி. "முன்பு மழை தந்தது. மறுபடியும் தரும். நாங்கள் போய்விட்டால் கோபித்துக்கொள்ளும்."

"அப்படியானால் சரி. எங்கள் தடம் மண்ணில் கிடக்கும். காற்று அதை மூடுவதற்குள் மனம் மாறினால் வாருங்கள்," என்று சொல்லிவிட்டு யானைகள் நடந்தன.

நரி மட்டும் கவலைப்படவில்லை. சாறுள்ள பழமெல்லாம் அதன் வயிற்றுக்குத்தான் போயிற்று. அதற்குத் தாகமே தெரியவில்லை.

மறுநாள் முயலம்மா தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பாறைக்கு வந்தது. குட்டியைத் தும்பையின் முன்னால் கிடத்தியது. குட்டியின் கண் பாதிதான் திறந்திருந்தது.

"சாமி, பெரிய மழை கேட்கவில்லை," என்றது முயலம்மா. "இதன் வாய் நனைகிற அளவுக்கு ஒரு தூறல் போதும்."

தும்பைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வானத்தைப் பார்த்தது. வானம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. தும்பை குனிந்து முயல்குட்டியின் காய்ந்த மூக்கை நாக்கால் நக்கியது. முயல்குட்டி அந்த ஈரத்தைத் தன் நாக்கால் தேடியது.

"பார்த்தீர்களா, தெய்வம் மனம் இரங்கிவிட்டது," என்று நரி கூவியது. "நாளைக்கு மழை நிச்சயம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் பழம் கொண்டுவாருங்கள்."

முயலம்மா நரியின் பேச்சை நம்பியது. பாறையின் நிழலிலேயே குட்டியை அணைத்துக்கொண்டு படுத்தது.

அன்று சாயங்காலம் தாய்மான் வந்தபோது தும்பை பால் குடிக்கவில்லை.

"அம்மா, மழை என்னோடுதான் வந்ததா?"

தாய்மான் குட்டியின் முதுகை ஒருமுறை நக்கியது. பிறகு சொன்னது: "இல்லை கண்ணு. நீ பிறப்பதற்கு முந்தின நாளே மழை தொடங்கிவிட்டது. எல்லோரும் பொந்துக்குள் பதுங்கி இருந்தார்கள், அதனால் மழை முதலா நீ முதலா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு அந்த மழையில் நனைந்தபடி இடம் தேடி நடந்தேன். நீ பிறந்தபோது புல் ஏற்கெனவே ஈரமாக இருந்தது."

"அப்படியானால் நான் மழையைச் செய்யவில்லை."

"நீ மழையையும் செய்யவில்லை, புல்லையும் செய்யவில்லை. உன்னையே நீ செய்துகொள்ளவில்லை. போன வருஷம் இந்தக் காட்டில் தும்பை என்று ஒருவன் கிடையாது. நான் இருந்தேன், நீ இல்லை. உனக்காகக் காத்திருந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன."

தும்பை கொஞ்சம் யோசித்தது. "நான் இல்லாத நாளில் உன்னைப் பார்த்துக்கொண்டது யார்?"

"உன்னையும் என்னையும் உண்டாக்கினவர்தான்."

"அவருக்கு ஒரு முந்தின நாள் உண்டா?"

"நீயே சொல்லு பார்ப்போம்."

"நாட்களை உண்டாக்கினதும் அவர்தான் என்றால், அவருக்கு முந்தி நாள் ஏது?" என்றது தும்பை. "அவருக்கு மட்டும் முந்தின நாள் கிடையாது."

விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் தும்பைக்கு அதில் சந்தோஷம் இல்லை. கீழே முயல்குட்டி அனத்துவது கேட்டது.

"அம்மா, இதை ஏன் நீ யாரிடமும் சொல்லவில்லை?"

"உன் நிறத்துக்குப் பயந்துதான்," என்றது தாய்மான். "புள்ளியுள்ள குட்டி புல்லில் படுத்தால் புல்லோடு புல்லாகிவிடும். நீ எங்கே படுத்தாலும் தெரிவாய். தெய்வம் என்று நினைத்துச் சிறுத்தை உன்னை விட்டுவைத்திருக்கிறது. நான் வாயைத் திறந்தால் உன்னை இழந்துவிடுவேனோ என்று இருந்துவிட்டேன். மற்ற தாய்மாரின் தவிப்பைப் பார்க்கிறேன். தூக்கம் வரவில்லை. உனக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை, ராசா."

தும்பை அதற்குப் பிறகு பால் குடித்தது.

விடிந்தது. மழை வரவில்லை. காற்றுதான் வந்தது. யானைத் தடத்தின் ஓரங்களில் மண் சரியத் தொடங்கியது. விலங்குகள் பாறையைச் சுற்றிக் கூடின. எதிர்ப்பக்க மரநிழலில் சிறுத்தையும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

தும்பை எழுந்து நின்றது. "நான் பிறப்பதற்கு முந்தின நாளே மழை பெய்தது," என்றது. "நான் வரும்போது புல் நனைந்திருந்தது. அம்மாவுக்குத் தெரியும்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஆனால் நரி கொஞ்சமும் அசரவில்லை.

"இதில் என்ன ஆச்சரியம்?" என்றது. "தெய்வம் பிறப்பதற்கு முன்பே மேலே இருந்தது. தான் வரப்போகும் காட்டை முதலில் மழையால் கழுவிவிட்டு, பிறகு வந்தது. இதுகூடவா உங்களுக்குப் புரியவில்லை?"

"ஆமாம், அதுதான் சரி," என்றது மந்தி.

"தெய்வமாவது, மேலே இருந்ததாவது," என்று முட்களைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி. "சாயங்காலத்தில் இது தாயிடம் பால் குடிப்பதை நான் பார்த்தேன். பால் குடிக்கிற தெய்வம் உண்டா?"

அதுவரை ஒதுங்கி நின்ற தாய்மான் முன்னால் வந்தது.

"பாலை விடு, முள்ளா. நம்மை உண்டாக்கினவரே நம்மைத் தேடி வர நினைத்தால், குழந்தையாகக்கூட வருவார். தாயிடம் பாலும் குடிப்பார். அதனால் அவர் குறைந்துபோகமாட்டார். ஆனால் அவர் வருவதற்கு முன்பும் இருந்தவர், எப்போதும் இருந்தவர். அவரை யாரும் உண்டாக்கவில்லை. என் பிள்ளை அப்படி இல்லை. இது இல்லாத நாள் ஒன்று இருந்தது. அந்த நாளில் நான் இருந்தேன், நரியாரே. நீங்களும் இருந்தீர்கள்."

நரி ஒரே தாவலில் பாறையில் ஏறித் தும்பையின் காதருகே வந்தது.

"பைத்தியக்காரக் குட்டி," என்று மெதுவாகச் சொன்னது. "உன் அம்மா சொல்வதை மறுத்துவிடு. 'நான் தெய்வம்' என்று ஒரு வார்த்தை போதும். அதோ, சிறுத்தை கேட்டுக்கொண்டிருக்கிறது."

சிறுத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது எழுந்து சோம்பல் முறித்தது. கூட்டம் விலகி வழிவிட்டது.

"தாய் ஒன்று சொல்கிறாள், நரி ஒன்று சொல்கிறது," என்றது சிறுத்தை. "குட்டி தன் வாயால் சொல்லட்டும். தெய்வம் என்றால் என்றைக்கும் தொடமாட்டேன். மான் என்றால், இன்றைக்கு எனக்கும் தாகம், ஆறுவரை எல்லோரோடும் நடப்பேன். ஆறு வந்த பிறகு மானை மானாகத்தான் பார்ப்பேன். பொய் சொல்லி யாரையும் ஏமாற்ற எனக்கு விருப்பம் இல்லை."

தாய்மான் குட்டிக்குக் கண்ணால்கூட ஜாடை காட்டவில்லை.

முயலம்மா தலையை நிமிர்த்தியது. "சாமி, நீ இருக்கச் சொன்னால் இருக்கிறேன். போகச் சொன்னால் போகிறேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது," என்றது. அதன் மடியில் குட்டி அனத்துவதையும் நிறுத்தியிருந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கியது.

தும்பை முயல்குட்டியைப் பார்த்தது. சிறுத்தையைப் பார்த்தது. கடைசியில் அம்மாவைப் பார்த்தது.

"நான் மான்," என்றது. "என்னைச் சாமி என்று கூப்பிடாதே, முயலம்மா. குட்டியை என் முதுகில் வை."

பிறகு பாறையிலிருந்து இறங்கி, முயல்குட்டியைச் சுமந்துகொண்டு யானைத் தடத்தில் நடந்தது.

நீதி: படைக்கப்பட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்புக்கு மட்டுமே உரியது; வழிபாடு தொடக்கமே இல்லாத படைத்தவர் ஒருவருக்கே உரியது.