பண்ணாடி நிழல்ல புல்லு

பொள்ளாச்சிப் பக்கம் ஏகப்பட்ட தோட்டந்தொரவோட ஒரு பண்ணாடி இருந்தாரு. "என் நிழல்ல ஒதுங்குனவன் எவனாச்சும் வளராம போயிருக்கானா?"ன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் கேப்பாரு. அவரு பங்களா முன்னால அடர்த்தியா ஒரு மாமரம். அதுக்கடியில மட்டும் புல்லு வரவே இல்ல.

தோட்டக்காரன் மாரப்பனைக் கூப்ட்டாரு. "பொண்ணு கல்யாணத்துக்குள்ள இங்க புல்லு வரோணும். வரலைன்னா உனக்கு வேலை இல்ல. எங்க தாத்தன் வச்ச மரம், ஒரு கிளையத் தொட்டாலும் வேலை இல்ல."

மாப்ளையோட அப்பா, சம்பந்தி, பங்களாவைப் பாக்க வந்த அன்னைக்கும் அங்க வெறும் மண்ணுதான். பண்ணாடிக்கு மானம் போச்சு. "என் நிழல்ல வளராதது இது ஒண்ணுதான்டா. நாளையில இருந்து வராத."

"உங்க நிழல் இதுமேல விழுகவே இல்லீங்களே"ன்னான் மாரப்பன். "வேணும்னா நின்னு பாருங்க."

பண்ணாடி மரத்தடியில போய் நின்னு குனிஞ்சு பாத்தாரு. அவரு நிழலைக் காணோம்.

"மரத்து நிழல் மறைக்குதுங்க. நாலு கிளையக் கழிச்சா உங்க நிழல் விழும், புல்லும் வந்துரும்."

சம்பந்தி மீசைய நீவுற மாதிரி வாயை மறைச்சுக்கிட்டாரு. பேசுன பேச்ச முழுங்க முடியாம, பண்ணாடியே அருவாளைக் கொண்டாரச் சொன்னாரு.

கல்யாணத்தன்னைக்கு புல்லு தளதளன்னு நின்னுச்சு. "எல்லாம் உங்க பண்ணாடி நிழல்தானாப்பா?"ன்னு சம்பந்தி கேட்டாரு.

"ஆமாங்க. அவரு இந்தப் பக்கம் வராதப்ப இன்னுங் கொஞ்சம் ஜாஸ்தியா வளருதுங்க"ன்னான் மாரப்பன்.