சாமி சாப்பிட்ட மிச்சம்

ஒரு ஊர்ல ஒரு தோள் இருந்துச்சு. ஆமா தங்கம், தோள்தான். அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் பேரு பூதலிங்கம். ஆனா ஊருக்கு முதல்ல தோளைத்தான் தெரியும், அப்புறந்தான் ஆளைத் தெரியும். ஏன்னா வருசா வருசம் அம்மன் சப்பரத்துல ஏறி வீதி சுத்த வரும்போது, சப்பரத்தைத் தூக்குற முன்கம்பு அந்தத் தோள் மேலதான் உக்காரும். அவங்க அப்பா தூக்கின கம்பு, தாத்தா தூக்கின கம்பு. ம் சொல்லு.

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. முன்கம்பு தூக்குறவரு வழியில ஒரு தடவை முட்டி மடங்கிட்டா போதும், கம்பு அடுத்த ஆளுக்குப் போயிரும். அப்புறம் திரும்பி வராது. அடுத்த ஆளு யாருன்னா, பூதலிங்கத்தோட மச்சினன் கொம்பையா. நல்ல பையன், அத்தான் மேல ரொம்பப் பாசம். அத்தானுக்கு ஏதும் ஆயிருமோங்குற கவலையில, ஒவ்வொரு திருவிழாவுக்கும் புது வேட்டி கட்டி, எண்ணெய் தேச்சு, தயாரா பக்கத்துலயே நிப்பான்.

பூதலிங்கத்துக்குச் சாப்பாடுன்னா உசிரு. சாயங்காலம் வறுத்த வேர்க்கடலை. சோத்துக்குத் தக்காளித் தொக்கும் முருங்கைக்கீரையும். பூண்டு தட்டிப் போட்ட மீன் குழம்பு. வெயில் வந்தா தர்பூசணி. மொறுக் மொறுக், சளப் சளப்புன்னு தின்னுட்டு, தோளு தேக்கங்கட்டை மாதிரி இருந்தாரு.

அப்போ ஒருநாள் காதுப் பக்கம் கொஞ்சம் முடி நரைச்சுது. அவ்வளவுதான், மனுசனுக்குப் பயம் வந்துருச்சு. அந்த நேரம் பாத்து சந்தைக்கு ஒரு வேன் வந்துச்சு, டர்ர்ர்ருன்னு. அதுல இருந்த லேகியக்காரர் மைக்கைப் புடிச்சுக்கிட்டு, ஆம்பளைங்களா கேட்டுக்கோங்க, நாக்குக்கு இனிக்கிறது பூரா உடம்புக்கு எதிரி, நாக்கு வேண்டாம்னு சொல்றதுதான் மருந்துன்னு சொன்னாரு. பூதலிங்கம் ஒரு ஜாடி வாங்கிட்டு வந்தாரு. கருப்பா, பிசுபிசுன்னு, வண்டி மை மாதிரி இருந்துச்சு. இவ்வளவு மோசமா இருக்கே, அப்போ கண்டிப்பா நல்ல மருந்தாத்தான் இருக்கும்னு அவருக்கு ஒரே நம்பிக்கை.

அவரு சம்சாரம் ஆவுடையம்மா சொல்லிப் பாத்தா. அந்த லேகியக்காரர் வித்து முடிச்சதும் வேனுக்குப் பின்னாடி உக்காந்து வேர்க்கடலை கொறிச்சதை நானே பாத்தேன்னா. அவரு வைத்தியரு, அவருக்கு ஒண்ணும் செய்யாதுன்னுட்டாரு இவரு.

அப்புறம் என்ன, கடலை வேண்டாம், தொக்கு வேண்டாம், மீன் வேண்டாம். காலையில லேகியம், மத்தியானம் உப்பில்லாக் கஞ்சி, ராத்திரி பெருமூச்சு. தோளு இறங்கிப் போச்சு. சட்டை தொளதொளன்னு ஆடுச்சு. ஒருநாள் தண்ணிக் குடத்தைத் தூக்கினாரு. முட்டி கடக்குன்னு மடங்கி, குடம் தொபுக்குன்னு விழுந்துச்சு. திருவிழா கிட்ட வந்துருச்சு. கொம்பையா வேட்டி எடுக்க ஜவுளிக் கடைக்குப் போயிட்டான். ம்?

ஆவுடையம்மா கோயில்ல போய் அழுதா. அர்ச்சகர் தொன்னையில கொஞ்சம் சுண்டல் குடுத்தாரு. வீட்டுக்குக் கொண்டு வந்தா. பூதலிங்கம் கையேந்தி வாங்கி, கண்ணுல ஒத்தி, லபக்குன்னு வாயில போட்டுக்கிட்டாரு. அந்த வீட்டுல பிரசாதத்தை வேண்டாம்னு சொல்ல யாருக்கும் வாய் வராது பாரு. ஆவுடையம்மா அழுகையை நிப்பாட்டி, மூக்கைத் துடைச்சுக்கிட்டா.

மறுநாள் சாமி விளக்கு முன்னாடி மணிச் சத்தம். டிங் டிங் டிங். வறுத்த வேர்க்கடலை, பிள்ளையாருக்கு. சரி, பிள்ளையார் கடலை தின்னுவாருதானேன்னு கண்ணுல ஒத்திச் சாப்பிட்டாரு. மொறுக் மொறுக்.

அப்புறம் இன்னொரு நாள், டிங் டிங் டிங். சோறும் தக்காளித் தொக்கும் முருங்கைக்கீரையும், அம்மனுக்கு. இப்போ அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துச்சு. அம்மனுக்கு எந்த ஊர்லடி தொக்கு படைக்கிறாங்கன்னு கேட்டாரு.

"அவளுக்கும் நாக்கு இருக்குல்லங்க" அப்படின்னா ஆவுடையம்மா. அவரு வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாரு.

அப்புறம் கொல்லையில இருக்குற மாடசாமி பீடத்துக்கிட்ட ஒரு மணி. இலையில மீன் குழம்பு, பூண்டு மிதக்க மிதக்க. மாடனுக்குக் கொடைத் திருவிழாதான் முடிஞ்சு போச்சே, இப்போ என்ன படையல்னாரு. அவரு கேட்டாத்தான் குடுக்கணுமா, நாமளா குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாருன்னா அவ.

ஆனா ஒண்ணு, ஆவுடையம்மா பொய் சொல்லுற பொம்பளை இல்லை. ஒவ்வொரு தடவையும் நிசமாவே கண்ணை மூடிக் கும்பிடுவா. "தாயே, நீ சாப்பிட்டுட்டு மிச்சத்தை அவருக்குக் குடு. மிச்சம் நிறைய இருக்கட்டும்." அதுதான் அவ வேண்டுதல்.

திருவிழா வந்துச்சு. டும் டும் டும் டும். முன்கம்பு பூதலிங்கம் தோள் மேல. புது வேட்டியில கொம்பையா. கூட்டத்துல தாலியைப் புடிச்சுக்கிட்டு ஆவுடையம்மா. கிறீச் கிறீச்சுன்னு சப்பரம் நகந்துச்சு. தேரடி முக்குல திரும்பும்போது பாரமெல்லாம் முன்பக்கம் சாஞ்சுது. முட்டி லேசா நடுங்குச்சு. கொம்பையா ஒரு எட்டு முன்னாடி வந்தான். அப்போ பூதலிங்கம் ஒரு மூச்சு இழுத்தாரு, ஹ்ஹ்ம்ம்னு. தோளு ஏறுச்சு. முட்டி மடங்கலை. அம்மன் ஆடாம அசையாம முக்கைத் தாண்டிப் போனா.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

சப்பரத்தை இறக்கினதும் ஆம்பளைங்க எல்லாம் சுத்திக்கிட்டாங்க. கொம்பையா கேட்டான், "அத்தான், அப்படி என்னதான் சாப்பிட்டீங்க?"

பூதலிங்கம் நெஞ்சை நிமித்தினாரு. "எங்கடா சாப்பிட்டேன்? வாயைக் கட்டினேன். எல்லாம் லேகியம்."

ஆவுடையம்மா வாயைத் திறந்தா. அப்புறம் சப்பரத்தைப் பாத்தா. அம்மன் எப்பவும் போல சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. சரி, அவளே ஒண்ணும் சொல்லலை, நமக்கென்னன்னு வாயை மூடிக்கிட்டா.

அப்புறம் கேளு. ஊர்ல அத்தனை ஆம்பளைங்களும் வேனைத் தேடிப் போய் ஜாடி வாங்கினாங்க. வீட்டுக்கு வீடு கடலை வேண்டாம், மீன் வேண்டாம். கொஞ்ச நாள்ல பொம்பளைங்க ஒவ்வொருத்தரா கொல்லை வழியா ஆவுடையம்மாகிட்ட வந்தாங்க. கொம்பையா பொண்டாட்டிதான் முதல்ல வந்தா. மதினி, எங்க வீட்டுலயும் பட்டினி கெடக்குறாருன்னு மூக்கைச் சிந்தினா.

ஆவுடையம்மா மெதுவா கேட்டா, "வீட்டுல மணி இருக்கா?"

அவ்வளவுதான். அதுக்கப்புறம் சாயங்காலம் ஆச்சுன்னா ஊர் முழுக்க டிங் டிங், டிங் டிங், மீன் குழம்பு வாசத்தோட. வெளியூர்க்காரங்க பஸ்ஸை விட்டு இறங்கி, அடடா, இந்த ஊர் ஆம்பளைங்களுக்குத்தான் என்ன பக்தின்னு கன்னத்துல போட்டுக்குவாங்களாம்.

அடுத்த வருசம் லேகியக்காரர் வந்தாரு. ஒவ்வொருத்தன் தோளையும் பாத்து வாயைப் பொளந்துட்டாரு. அன்னைக்குத்தான் முதல் தடவையா அவரே ஜாடியைத் திறந்து ஒரு வாய் தின்னு பாத்தாராம். பாத்துட்டு, த்தூ த்தூன்னு துப்பிட்டு, கடலை வாங்கப் போயிட்டாராம்.

ம் சொல்லு. சொல்லலையா? சரி. டிங் டிங். கதையைச் சாமிக்குப் படைச்சாச்சு, மிச்சம் உன் கனவுக்கு. கண்ணை மூடு.