கெட்டிக் கம்பி

மாசிலாமணிக்கு அறுபது வயது. காலமெல்லாம் துணிக்கடையில் முழம் போட்டுக் கிழித்த கை அவருடையது. அந்தக் கை சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. கடையை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்து ஆசிரமத்தில், தன்னைவிட வயதில் சின்னவரான ஞானாம்பிகையம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்திருந்தார்.

தை பிறந்தால் அம்மா ஊர் ஊராகப் போய்ப் பேசுவார். அந்தப் பயணத்தில் தங்கிக்கொள்ள ஒரு பக்தர் பழைய கேரவன் ஒன்றைக் கொடுத்தார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டி. சக்கரம் இருந்தது, கூரை இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை.

"வயரிங் வேலையை நான் பாக்கறேன்" என்றார் மாசிலாமணி.

சமையல் பார்க்கும் செண்பகம் சிரித்துவிட்டாள்.

"பல்பு மாட்ட ஸ்டூல்ல ஏறினாலே உங்களுக்குத் தலை சுத்துமே, ஐயா."

அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது. மனுஷர் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வயர் இழுத்தார். விரலெல்லாம் கீறல். முதல் பல்பு எரிந்தபோது வண்டிக்குள் தனியாக நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா?

நேரே அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, பெருமைப்படக் கூடாதும்பாங்க. எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையா இருக்கு. தப்பா?"

"வேலை முடியட்டும். அப்புறம் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரையும் கூட்டிவைத்துக் காட்டினார். விளக்கு, ஃபேன், கரண்ட் அடுப்பு எல்லாவற்றையும் ஒருசேரப் போட்டார். டப்பென்று அணைந்தது. ஃபியூஸ் போய்விட்டது. புதுக் கம்பி கட்டினார். அதுவும் போனது.

செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாசிலாமணிக்குக் காது சிவந்தது. விறுவிறுவென்று ஒரு வயர்த் துண்டை உரித்தார். உள்ளே இருந்த செம்பு இழைகளை மொத்தமாக முறுக்கி ஃபியூஸ் கட்டையில் கட்டினார். பல வீடுகளில் நடக்கிற வைத்தியம்தான்.

இந்த முறை எதுவும் அணையவில்லை. வண்டி கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. அடுப்பில் பாயசம் கொதித்தது. எல்லோரும் கைதட்டினார்கள், செண்பகமும்தான்.

அம்மா தலையணையோடு வந்தார்.

"இன்னிக்கு நான் இதிலேயே படுத்துக்கறேன்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்!

தலையணையை வைத்துவிட்டு அம்மா பலகைச் சுவரில் சாய்ந்தார். அடுப்பில் இரண்டாவது ஈடு பாயசம் ஏறியிருந்தது.

"மாசிலாமணி, கையை இங்க வைங்க."

வைத்தார். சுவர் சுட்டது.

மெயினை அணைத்துவிட்டுப் பலகையைக் கழற்றினார். உள்ளே வயரின் தோல் இளகி வழிந்திருந்தது. பலகை கருக ஆரம்பித்திருந்தது. அம்மாவின் தலையணை அதற்கு நேர் கீழே கிடந்தது.

"முதல்ல கட்டின கம்பி என்ன செஞ்சுது?" என்றார் அம்மா.

"அறுந்து அறுந்து போச்சும்மா. அத்தனை பேர் முன்னால என் மானத்தை வாங்கிடுச்சு."

"மானத்தை மட்டும்தானே?"

மாசிலாமணி ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, முறுக்கிக் கட்டிய செம்பை அவிழ்த்தெறிந்தார்.

மறுநாள் எல்லா வயரையும் உருவிப் போட்டார். அடுப்புக்குத் தடித்த வயரில் தனி லைன், தனி ஃபியூஸ். விளக்குக்கும் ஃபேனுக்கும் பழையபடி மெல்லிசான ஃபியூஸ் கம்பி. முடித்ததும் தானே கடைத்தெருவுக்குப் போய் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். "தப்பு எங்கேன்னு சொல்லுங்க" என்று பக்கத்திலேயே நின்றார். அவர் காட்டிய தப்புகளைத் தன் கையாலேயே சரிசெய்தார்.

பயணம் கிளம்பும் அன்று மாலை ஊரே வண்டியைச் சுற்றி நின்றது. அம்மா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வழியனுப்பப் பாயசம் வைக்க வந்த செண்பகம், அவசரத்தில் கரண்ட் அடுப்பைக் கைக்கு எட்டிய ஃபேன் பிளக்கில் சொருகினாள்.

டப். வண்டிக்குள் இருட்டு.

"மறுபடியும் போச்சா! ஐயா வேலை இவ்வளவுதானா?" என்று வெளியே யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

மாசிலாமணி இருட்டில் கையை நீட்டி, அம்மா சாய்ந்திருந்த பலகையைத் தடவிப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"பயப்படாதீங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "வண்டி நல்லா வேலை செய்யுது."

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"இப்போ பெருமைப்பட்டுக்கோங்க, மாசிலாமணி."