மாடு ஏறாத கேரவன்

சினிமாக் கம்பெனி டிரைவர் பிச்சைக்கனிக்கு அன்றைக்குப் பெரிய தலைவலி. முதலாளியம்மா வடிவாம்பாள், தன் சக்திக்கு ஏற்றபடி, படுக்கையும் அடுப்புமாக நல்ல பழைய கேரவன் ஒன்றைப் பேசி வைத்திருந்தார். கதாநாயகன் மகுடேஸ்வரனோ கம்பெனி வாசலிலேயே நின்று குதித்தார்.

"எனக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா உள்ளே போயிருக்கக் கூடாது. புதுசு வரலைன்னா ஷூட்டிங்குக்கு நான் வரமாட்டேன்!"

புதுசு வாங்கினால் படம் பாதியில் நின்றுவிடும். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகுடேஸ்வரனோ சகுனம் பார்க்காமல் சட்டைகூட மாற்றாத ஆள். பிச்சைக்கனி பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"புதுசே வாங்கிடலாம் சார். ஆனா நீங்க படுத்து எழுந்திரிக்கிற இடம், அதுவும் வீடுதானே? புது வீட்டுக்குள்ளே முதல்ல பசுமாடு போகணுமே."

மகுடேஸ்வரன் யோசித்தார். "போகட்டும். சாணி போட்டுட்டா?"

"போட்டா ரொம்ப விசேஷம் சார். கோமியம் விட்டா அதைவிட விசேஷம்."

"மெத்தை மேலேயா?"

"அந்தச் சின்ன இடத்துல மாடு வேற எங்கே சார் போகும்?"

நாயகன் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாட்டை ஏத்தாமலே விட்டுட்டா?"

"ஐயையோ, ஆகாது சார்! பழசுன்னா அந்தக் கவலையே இல்லை. அதெல்லாம் முதல்ல வாங்கினவங்க பாடு."

"அப்போ பழசையே கொண்டு வாய்யா!"

மறுநாள் ஷூட்டிங் ஜாம்ஜாமென்று நடந்தது. அம்மா கைகூப்பிவிட்டார். "உனக்கு நான் என்ன செய்யப்போறேன் கனி?"

"எனக்கு எதுக்கும்மா? ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி, தெருவுல முதல்ல எதிர்ப்படுற மாட்டுக்குக் கொடுங்க. படியே ஏறாம நம்மளைக் கரையேத்தினது அதுதானே!"