துணி விழும் அழகு

தாமரைச்செல்வி மதுரையில் கல்யாண ரவிக்கைகள் தைத்துக்கொண்டிருந்தவள். முதுகு முழுக்க மயிலும் மாங்காயுமாக ஆரி வேலை செய்வாள். நல்ல பேர் இருந்தது.

ஒருநாள் ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டும் ஜரிகையும் மின்னுகிற கூட்டத்தின் நடுவே சாம்பல் நிற உடை அணிந்த ஒரு பெண்ணைப் பார்த்தாள். அந்த உடையில் பூ இல்லை, கரை இல்லை, பொத்தான்கூட வெளியே தெரியவில்லை. தாமரையால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. முகூர்த்தம் முடிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டாள். "இத யாரும்மா தச்சது?"

"மிருதுளான்னு ஒரு டிசைனர். சென்னையில இருக்காங்க."

தாமரை கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனாள். மிருதுளா அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அதிகம் பேசாதவள்.

"நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கறதில்லையே அக்கா" என்றாள்.

"வேணாம் மேடம். பக்கத்துல இருந்து பாத்துக்கறேன்."

வந்த புதிதில், தைத்து முடித்த ஓர் உடையின் கழுத்தில் தாமரை ஒரு சின்ன முத்தை வைத்துத் தைத்தாள். மிருதுளா அதைக் கத்தரியால் நறுக்கி எடுத்தாள்.

"ஏன் மேடம்? நல்லாத்தான இருந்துச்சு?"

"முன்னாடி எதைப் பாத்தீங்க?"

"முத்த."

"இப்ப?"

தாமரை பார்த்தாள். "துணிய."

மிருதுளா அடுத்த உடைக்குப் போய்விட்டாள். இப்படி ஒருத்தியிடம் வந்து சேரக் கொடுத்துவைத்ததே என்று அன்று தாமரை கண் கலங்கினாள்.

அந்த ஆண்டு பெரிய பேஷன் ஷோ ஒன்றுக்காக மிருதுளா ஒரு வெள்ளை உடையை வெட்டினாள். தோளிலிருந்து கால்வரை ஒரே துணி, ஒரே தையல். அதைப் போட்டு நடக்கப் பிரின்சி என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தூத்துக்குடிக்காரி. ஓயாமல் பேசுவாள். தாமரையின் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

முதல்முறை உடையைப் போட்டுப் பார்த்தபோது மிருதுளா சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இடுப்புல பிடிக்குது" என்றாள்.

"கொஞ்சம் பிரிச்சு விடட்டுமா மேடம்?" என்று தாமரை கேட்டாள்.

"வேணாம். பிரிச்சா துணி விழற கோடு போயிடும்."

பிரின்சி கண்ணாடியில் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதன்பிறகு அவள் தாமரையின் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. தாமரை இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினாலும் தள்ளிவிட்டாள்.

"பசிக்கல அக்கா."

"பொய் சொல்லாத. மூஞ்சியப் பாரு, எப்பிடி ஆயிட்டன்னு."

"நேத்து போட்டுப் பாக்கையில மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? இப்பதான் துணி தண்ணி மாதிரி விழுதுன்னாங்க." அவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

தாமரை மிருதுளாவிடம் போனாள். "அந்தப் புள்ள சாப்பிட மாட்டேங்குது மேடம்."

மிருதுளாவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திய பிறகு பேசினாள். "ஷோ முடியட்டும் அக்கா."

தாமரை மேலே எதுவும் சொல்லவில்லை. அளவு பார்க்கும் மேடையில் நின்ற பிரின்சியின்மேல் அந்த வெள்ளைத் துணி ஒரு மடிப்பு இல்லாமல் இறங்கியது. அப்படி ஓர் அழகை அவள் பார்த்ததில்லை.

ஷோவில் பிரின்சி கடைசியாக நடந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அரங்கிலிருந்தே இணையத்தில் அவள் போட்டோவைப் போட்டு, கழுத்தெலும்பைக்கூட உடையின் பகுதிபோல வரைந்திருக்கிறார் என்று மிருதுளாவைப் புகழ்ந்து எழுதினார்கள்.

உடை மாற்றும் அறைக்கு வந்ததும் பிரின்சி நாற்காலியைப் பிடித்தாள். பிடி கிடைக்கவில்லை. விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தேடினார்கள். உடம்பில் உப்புச்சத்து இறங்கி இதயம் தடுமாறுகிறது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மதியம் அது நின்றுவிட்டது.

தூத்துக்குடியிலிருந்து அவள் அம்மா ஸ்டெல்லா வந்தாள். பிணவறையில் போர்வையை விலக்கிப் பார்த்தாள். அழவில்லை. நேராக மிருதுளாவின் தையல்கூடத்துக்கு வந்து நின்றாள்.

"நீங்கதான எம் மவளுக்கு உடுப்பு தைப்பீங்க?"

"ஆமாம்மா."

"நாளைக்கு ஊர்ல அடக்கம். பெட்டியில வைக்கதுக்கு ஒரு உடுப்பு வேணும். அவ பழைய உடுப்பெல்லாம் தொளதொளன்னு கெடக்கு."

மிருதுளா உள்ளே போய் அந்த வெள்ளை உடையைக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். "இது அவளுக்குன்னே தச்சதும்மா."

ஸ்டெல்லா அதை வாங்கினாள். தூக்கிப் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள எம் புள்ள எங்கம்மா இருந்தா?"

ஸ்டெல்லா உடையை மேசையில் வைத்தாள்.

"ஊர்ச் சனமெல்லாம் வந்து பாக்கும். எங்கிட்ட இருந்து போகையில அவ கன்னத்தக் கிள்ளினா கை நெறையும். எலும்பா கெடக்கான்னு யாரும் சொல்லக் கூடாது. அதுக்குத் தக்கன ஒண்ணு தச்சுத் தாங்க."

அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மிருதுளா ஒரு புதுத் துணியை மேசையில் விரித்தாள். கத்தரியை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"அக்கா, சுருக்கு வச்சுத் தைக்க எனக்குக் கை வராது. பஃப் கையும் வச்சதில்ல. நீங்க சொல்லிக்கொடுங்க."

தாமரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நூலை இழுத்துத் துணியைக் கூட்டிக் காட்டினாள். மிருதுளா செய்தாள். கோணலாக வந்தது. பிரித்து மறுபடி செய்தாள். தோளுக்குப் பஞ்சு வைத்தார்கள். மார்புக்கு இரண்டு அடுக்கு ஃப்ரில். கழுத்தெலும்பு மறைய லேஸ். இடுப்பிலிருந்து துணி குடைபோல விரிந்தது.

தைத்துக்கொண்டே தாமரை கேட்டாள். "மேடம், அன்னைக்கு நான் வந்து சொன்னேன்ல. அது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்தது."

"பின்ன?"

"துணியைப் பாத்துட்டு இருந்தேன்."

தாமரையின் ஊசி நின்றது.

"நீங்க அக்கா? மறுபடி வந்து ஏன் சொல்லல?"

தாமரை மறுபடி ஊசியைக் குத்திக்கொண்டே சொன்னாள். "நானும் அதத்தான் பாத்தேன்."

உடை முடிந்ததும் மடித்து ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார்கள்.

தூத்துக்குடியில் பெட்டியைச் சுற்றி நின்றவர்கள், தூங்குகிற மாதிரி இருக்கிறாள் என்றார்கள். ஸ்டெல்லா மகளின் பஃப் கையைத் தடவி, சுருக்கங்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மிருதுளா கூட்டத்தின் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. கல்லறைக்குப் போய்வந்தவர்களுக்குக் கொடுத்த காபியை அவளுக்கும் கொடுத்தார்கள். அவள் குடிக்காமல் கீழே வைத்தாள்.

மிருதுளா சென்னைக்குத் திரும்பியபோது தையல்கூடத்து போன் ஓயாமல் அடித்தது. பிரின்சி இறந்த செய்தி அவள் போட்டோவோடு சேர்ந்து ஊரெல்லாம் சுற்றியிருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லாம் அந்த வெள்ளை உடையைத்தான் கேட்டார்கள். என்ன அழகு, என்ன எளிமை என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு காலேஜ் பெண் அழைத்து, இப்போதே பட்டினி கிடக்கத் தொடங்கிவிட்டதாகவும் தீபாவளிக்குள் அந்த அளவுக்கு வந்துவிடுவதாகவும் சந்தோஷமாகச் சொன்னாள்.

தாமரை போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மேடம், இந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லட்டும்?"

"அது யாருக்கும் பொருந்தாதுன்னு சொல்லுங்க."

"கேக்க மாட்டேங்குது. பிரின்சிக்குப் பொருந்துச்சேங்குது."

மிருதுளா நிமிர்ந்தாள்.

"பிரின்சிக்கு அது பொருந்தல அக்கா. அவதான் அதுக்குப் பொருந்திப் போனா."