தொட்டியடியில் கிடந்த மஞ்சள் பை

“கீழே கிடந்ததை எடுத்தா இத்தனை தொல்லை வரும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, தாயே?” என்று மூச்சிரைக்க வந்து நின்றார் சடையாண்டி.

குரு வெயிலாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. மாட்டுத் தரகை விட்டுவிட்டு ஞானம் தேட வந்த மனிதர் சடையாண்டி. அந்த ஞானத்தையும் கொஞ்சம் பேரம் பேசித்தான் வாங்கிக்கொண்டிருந்தார்.

“என்ன எடுத்தீங்க?”

இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் பையை உருவிக் காட்டினார்.

“சந்தையில தண்ணித் தொட்டிகிட்ட கிடந்துச்சு. உள்ள அத்தனையும் பணம். யாரோ மாடு வித்த காசு.”

“யாரோடதுன்னு கேட்டீங்களா?”

“அங்கதான் கெட்டுது. தொட்டி மேல ஏறி நின்னு, ‘மஞ்சப்பையைத் தொலைச்சது யாரு’ன்னு ஒரு சத்தம் போட்டேன்.”

சடையாண்டியின் சத்தம் லேசுப்பட்டதல்ல. அவர் தரகராக இருந்த நாளில், அவர் கூப்பிட்டால் செத்த மாடும் ஒரு காதை நிமிர்த்தும் என்பார்கள். சந்தை முழுக்கத் திரும்பியது. மஞ்சள் பை இல்லாமல் சந்தைக்கு வருகிறவர் யார்? பிறந்ததிலிருந்து நூறு ரூபாயை முழுசாகப் பார்க்காதவனும் பணத்தைத் தொலைத்தவன் ஆனான். ஓர் எருமைகூட ஓரடி முன்னால் எடுத்து வைத்ததாம்.

“அப்புறம்?”

“ஒவ்வொருத்தன் கையையும் துண்டுக்குள்ள பிடிச்சு, எவ்வளவு தொலைச்சேன்னு கேட்டேன்.”

கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தே விலை சொல்வது மாட்டுச் சந்தை வழக்கம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது.

“நல்ல யோசனைதானே?”

சடையாண்டி பின்னந்தலையைச் சொறிந்தார்.

“யோசனை நல்லதுதான். கைதான் கெட்டது. காலமெல்லாம் பழகின கையில்லையா? ஒருத்தன் குறைச்சுப் பிடிச்சான். என்னையறியாம நான் ஒரு விரலை ஏத்திவிட்டேன். அவனும் ஏறினான். இன்னொண்ணு ஏத்தினேன். சரியான தொகைக்கு வந்து நின்னுக்கிட்டான், பாவி!”

வெயிலாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சிரிக்காதீங்க தாயே. அவன் வாசல்ல நிக்கிறான். அவன் பின்னாடி பாதிச் சந்தை நிக்குது.” குரலைத் தாழ்த்தினார். “பேசாம உங்க கூரைக்கு ஓடு போட்டுடலாமா? போன மழைக்குக் குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தியானம் பண்ணினீங்க. புண்ணியமாவது மிஞ்சும்.”

“கூரை ஒழுகுது, வாஸ்தவம்.” வெயிலாயி எழுந்தார். “வாங்க.”

“ஓட்டுக் கடைக்கா?”

“தொட்டிக்கு.”

போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது.

தொட்டியடியில் சாணியும் சேறும் வைக்கோலும் குழைந்து கிடந்தன. வெயிலாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். வைக்கோலை ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தேட ஆரம்பித்தார்.

“தாயே, பை என் இடுப்புல இருக்கு!”

“தெரியும்.”

“அப்ப எதைத் தேடறீங்க?”

இன்னொரு தாள் புரண்டது.

“அம்மாவுக்கு மூளை கலங்கிப்போச்சுடோய்!” என்றான் விரல் ஏறியவன். “பணம் அந்தாளு இடுப்புல. வாங்கிக் குடும்மா, பொழுது போவுது!”

கூட்டம் சிரித்தது. ஆனால் அத்தனை கண்ணும் சடையாண்டியின் இடுப்பைவிட்டு அசையவில்லை. அவருக்கு அங்கே கூச்சமே எடுத்தது.

வெயில் சாயும் நேரம். பஸ் வரும் சாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். குனிந்தபடியே வந்தாள். ஓரத்துப் புல்லைக் கையால் விலக்கி விலக்கி வந்தாள். கூட்டத்தை அவள் பார்க்கவேயில்லை. கால்களுக்கு நடுவே புகுந்து தரையைத் தடவிக்கொண்டே தொட்டியடிக்கு வந்து, குருவின் தலையில் முட்டினாள்.

“நீங்களுமாம்மா?” என்றாள், சேற்றில் கிடந்த குருவின் கைகளைப் பார்த்து.

வெயிலாயி அடுத்த தாளைப் புரட்டினார்.

“எருமை வித்த காசும்மா. முகம் கழுவறப்ப இங்க வெச்சேன். பஸ்ல டிக்கெட் எடுக்கறப்பதான் கை வெறுங்கைன்னு தெரிஞ்சுது. இறங்கி நடந்தே தேடிட்டு வர்றேன். மக நர்ஸ் படிப்புக்கு நாளைக்குக் கட்டணும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சரி, பதறாதீங்க. நான் இந்தப் பக்கம் பாக்கறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க. ரெண்டு பேரோடதும் ஒண்ணாவா போயிடும்?”

சடையாண்டி பையை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

“தொகையைக் கேளுய்யா!” என்று கூட்டம் கத்தியது. “துண்டைப் போடு!”

“கேட்டாச்சு,” என்றார் சடையாண்டி.

அவள் பையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், எது முந்தியது என்று தெரியவில்லை. பிறகு பையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

செருகிவிட்டு, மறுபடியும் சேற்றில் குனிந்தாள்.

“ஏண்ணே சும்மா நிக்கிறீங்க? இந்தம்மாவோடது இன்னும் கிடைக்கலையே!”

சடையாண்டி குருவைப் பார்த்தார். குரு தலை நிமிரவில்லை.

முழங்காலை மடக்கி, சேற்றில் உட்கார்ந்தார் சடையாண்டி.

“நான் எந்தப் பக்கம் பாக்கட்டும், தாயே?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.